குளிர்ப் பிரதேசத்தில் முள்ளெலி வளர்ப்பு: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நுவரெலியா, அட்டன், பண்டாரவளைப் பக்கம் இருந்துகொண்டு முள்ளெலி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள். கூடு, சக்கரம், தீனி எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் முள்ளெலி ஆபிரிக்காவின் சூடான புல்வெளிகளிலிருந்து வந்த சிறிய இனம். 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரையான சூடு அதற்கு இரவும் பகலும் வேண்டும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் காலையில் நமக்குக் கம்பளி இருக்கிறது, சூடான தேத்தண்ணி இருக்கிறது. முள்ளெலிக்கு நாம் ஏற்படுத்திக் கொடுக்கும் சூட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி சூட்டைப் பற்றியே இருக்கும். கொழும்பில் வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளில் இந்த விஷயம் இரண்டு வரியில் முடிந்துவிடும். மலையகத்தில் அந்தப் பிராணியின் உயிர் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

எப்படிப்பட்ட பிராணி

வளர்ந்த முள்ளெலி 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். எடை 300 முதல் 600 கிராம் வரை. முதுகு முழுக்க ஆயிரக்கணக்கான சிறு முட்கள். வயிறும் முகமும் மென்மையான மயிர். பயந்தால் உடம்பைச் சுருட்டி முள் உருண்டையாகிவிடும். கண்பார்வை குறைவு. மூக்கும் காதும் கூர்மை. பகல் முழுக்கத் தூங்கும், இருட்டிய பிறகே எழும்பும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 4 முதல் 6 ஆண்டு வரை வாழும். சில அதற்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன.

இது தனியாக வாழும் பிராணி. "ஒண்ணு தனியா இருந்தா பாவம்" என்று இரண்டாக வாங்கி ஒரே கூட்டில் விட வேண்டாம். ஆண்கள் கடித்துக்கொள்ளும். ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டால் சுமார் 35 நாளில் குட்டிகள் பிறந்துவிடும், கலவரப்பட்ட தாய் தன் குட்டிகளையே தின்றுவிடுவதும் உண்டு. குட்டி எடுத்து விற்கும் எண்ணத்தோடு யாரும் இதைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாய்க்குட்டியைப் போல ஓடிவந்து மடியில் ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பழகிய முள்ளெலி உங்கள் வாசனையை அறிந்து, கையில் முள்ளைத் தாழ்த்திவைத்து அமைதியாக இருக்கும். அதுவே அது காட்டும் பெரிய நம்பிக்கை. சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக மட்டும் வாங்கப் போகிறீர்கள் என்றால், முயல் அவர்களுக்கு இதைவிடப் பொருத்தம். முயல் நம் குளிரையும் தாங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் காடுகளில் முள்ளெலி இனம் எதுவும் இயற்கையாக இல்லை. தோட்டத்து ஓரங்களில் இரவில் திரிந்து கிழங்கைத் தோண்டுவது முள்ளம்பன்றி. அது கொறித்துத் தின்னும் வேறொரு காட்டு விலங்கு. அதன் குட்டியைப் பிடித்துவந்து "முள்ளெலி" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

முதல் வேலை: கடதாசி

வெளிநாட்டு விலங்கை இந்த நாட்டுக்குள் கொண்டுவர வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தொற்றுக்காப்பு நடைமுறையும் உண்டு. இவை வெறும் அலுவலகச் சடங்குகள் அல்ல. முள்ளெலிக்கு மாடுகளைத் தாக்கும் கால்-வாய் நோய் தொற்றக்கூடும். அந்த அச்சத்தினால்தான் அமெரிக்கா 1990களின் தொடக்கத்தில் ஆபிரிக்காவிலிருந்து முள்ளெலி இறக்குமதி செய்வதை நிறுத்தியது. அம்பேவலைப் பண்ணையிலிருந்து லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஒற்றைப் பசு வரை, மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் நம் மலையில் எத்தனை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே விற்பவரிடமோ தருபவரிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிராணி எங்கே பிறந்தது? அதன் தாய் தகப்பன் எப்படி நாட்டுக்குள் வந்தன? அதற்கான கடதாசி எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வனஜீவராசிகள் அலுவலகத்தில் நேரே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் தாங்கள் வளர்த்த முள்ளெலியை நல்ல இடத்தில் ஒப்படைக்கத் தேடுவார்கள். அப்படி ஒன்றைத் தத்தெடுப்பதுதான் என் பார்வையில் மிகச் சிறந்த வழி. வளர்ந்த பிராணி என்பதால் அதன் குணம் தெரிந்திருக்கும். கூடும் சக்கரமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது வேலை: வீட்டைச் சோதித்துப் பாருங்கள்

பிராணி வருவதற்கு முன்பே கூட்டையும் சூடாக்கும் கருவியையும் பொருத்தி, வெறும் கூட்டை இரண்டு கிழமை ஓட்டிப் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்கும் மத்தியானமும் படுக்கப் போகும்போதும் வெப்பநிலையை ஒரு கொப்பியில் குறியுங்கள். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைத் தானே பதிந்துவைக்கும் டிஜிட்டல் வெப்பமானி கிடைத்தால் இரவில் எழும்ப வேண்டியதில்லை. கூட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள்.

அந்த இரண்டு கிழமையில் ஒரு நாளாவது 24 பாகைக்குக் கீழே இறங்கினால் ஏற்பாட்டை மாற்றுங்கள், மறுபடி சோதியுங்கள். எவ்வளவு மாற்றியும் நிற்கவில்லை என்றால் இந்த ஆசையை விட்டுவிடுவதே அந்தப் பிராணிக்குச் செய்யும் உதவி. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் மலையகத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் முள்ளெலி பொருந்தாது.

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம்தான். அங்கே பகலில் சூடாக்கி தேவைப்படாத மாதங்கள் உண்டு. ஆனால் மார்கழி, தை இரவுகளில் கண்டியிலும் 20க்குக் கீழே இறங்கும். பதுளையும் ஏறக்குறைய அப்படித்தான். அட்டன், பண்டாரவளை உயரத்தில் ஆண்டு முழுக்க இரவில் சூடாக்கி வேண்டும். நுவரெலியாவில் பகலிலும் வேண்டும்.

விற்பவர்கள் சிலர், "தங்கச்சி, இதெல்லாம் குளிருக்குப் பழகிரும், பயப்படாதீங்க" என்பார்கள். பழகாது. குளிர் ஏறினால் அதன் உடம்பு உறைதூக்கத்துக்குப் போகப் பார்க்கும். ஐரோப்பாவின் முள்ளெலிகள் குளிர்காலம் முழுக்க அப்படித் தூங்கி எழும்பும், அதற்கான கொழுப்பைச் சேர்த்துவைத்திருக்கும். நம்மிடம் வரும் வளர்ப்பு இனம் அதற்குத் தயாராக இல்லை. அந்தத் தூக்கத்திலிருந்து அது திரும்பி வராமலே போகலாம்.

கூடு

தரைப்பரப்பு குறைந்தது 90க்கு 60 சென்ரிமீற்றர். 120க்கு 60 என்றால் இன்னும் நல்லது. கடையில் விற்கும் கம்பிக் கூடு நம் ஊருக்குச் சரிவராது. நாலு பக்கமும் சூடு ஓடிவிடும். தெரிந்த தச்சரிடம் சொல்லிப் பலகைப் பெட்டி ஒன்று அடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கண்ணாடி, மேலே கம்பிவலை, பக்கத்தில் காற்றுப் போக இரண்டு வரிசைத் துளை. உள்ளே மூத்திரம் ஊறாமல் பிளாஸ்டிக் தரைவிரிப்பு ஒட்டுங்கள். வெளிப்பக்கத்தில் மூன்று சுவருக்கும் ரெஜிபோம் தகடு வைத்துக் கட்டினால் சூடு நிற்கும். ரெஜிபோமை உள்ளே வைக்க வேண்டாம், கடித்து விழுங்கிவிடும்.

பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்கக் கூடாது. மேசையிலோ கட்டையிலோ உயர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல் உட்சுவர்ப் பக்கமாக வையுங்கள். லயத்து வீடு என்றால் இஸ்தோப்பு வேண்டாம், உள் காம்பராதான் சரி. விறகடுப்புப் புகை போகும் வழியில் இருக்கக் கூடாது. புகையில் நாளெல்லாம் படுத்திருந்தால் அதன் நெஞ்சு கெட்டுவிடும்.

படுக்கைக்குப் பிளீஸ் துணிதான் என் தேர்வு. துவைத்துத் துவைத்துப் போடலாம், நூல் பிரிந்து காலில் சுற்றாது. மரக்காலையில் சும்மா கிடைக்கிறதே என்று பைனஸ், யூகலிப்டஸ் தூளைப் போடாதீர்கள். அந்த மரங்களின் வாசனை எண்ணெய் சின்னப் பிராணிகளின் சுவாசத்தைப் பாதிக்கும். மழைக்காலத்தில் துணி வீட்டுக்குள் காயாமல் நாற்றம் பிடிக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். மாற்றிப் போட குறைந்தது நாலு விரிப்பாவது வைத்திருங்கள். ஈரவாடையுள்ள விரிப்பில் பூஞ்சணம் வரும்.

ஒளிந்துகொள்ள ஒரு சின்னப் பெட்டி அல்லது துணிப்பை, கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம், பிறகு ஒரு சக்கரம். சக்கரம் கட்டாயம். இரவில் சில கிலோமீற்றர் ஓடும் பிராணி அது, ஓட வழியில்லை என்றால் கொழுத்துச் சுருளக்கூட முடியாமல் போய்விடும். சக்கரத்தின் விட்டம் 28 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, ஓடும் பரப்பு இடைவெளி இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். கம்பிச் சக்கரத்தில் கால் சிக்கி ஒடியும்.

சூடு, வெளிச்சம்

வெளிச்சம் தராமல் சூட்டை மட்டும் தரும் பீங்கான் குமிழ் ஒன்று உண்டு. பாம்பு, ஆமை வளர்ப்பவர்களுக்கான பொருட்கள் விற்கும் கடைகளில் தேடலாம். கோழிக்குஞ்சுக்குப் போடும் வெளிச்சக் குமிழைப் பயன்படுத்த வேண்டாம். இரவில் வெளிச்சம் இருந்தால் முள்ளெலி வெளியே வராது. பீங்கான் குமிழை 230 வோல்ட்டுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். குமிழைப் பிராணி எட்டாத உயரத்தில், கம்பிக்கூண்டுக்குள் வையுங்கள்.

அதோடு ஒரு தெர்மோஸ்டாட் சேர வேண்டும். அதன் உணர்முனை முள்ளெலி படுக்கும் உயரத்தில் இருக்கட்டும். 25 பாகையில் வையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் குமிழை நேரே பிளக்கில் சொருகினால் வெயில் நாளில் பெட்டி அடுப்பாகிவிடும். 30 பாகையைத் தாண்டினால் முள்ளெலிக்குச் சூடு தாங்காது. அடியில் விரிக்கும் சூட்டுப் பாய் மட்டும் போதாது. அது வயிற்றைச் சூடாக்கும், காற்றைச் சூடாக்காது.

செலவைக் கணக்குப் பார்ப்போம். 100 வாட் குமிழ் நாளுக்குப் பாதி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். நம் மின்கட்டணத்தில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பதால், இந்த 36 உங்கள் வீட்டுப் பில்லை மேல் படிக்குத் தள்ளிவிடலாம். நுவரெலியாவில் இன்னும் கூடும். பழைய லயத்து வயரிங் என்றால் மின்வேலை தெரிந்தவரிடம் காட்டி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே இரவெல்லாம் ஓடும் கருவியை மாட்டுங்கள். மண்ணெண்ணெய் அடுப்போ கரிச்சட்டியோ வைத்து அறையைச் சூடாக்கும் எண்ணமே வேண்டாம். பூட்டிய அறையில் அது மனிதரையும் கொல்லும்.

வெளிச்சமும் ஒரு விஷயம். பகல் 12 மணிநேரம் அறையில் சாதாரண வெளிச்சம் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் அட்டன் பக்கம் நாள் முழுக்க மூடுபனியும் மழையுமாக இருக்கும்போது அறை இருண்டு கிடக்கும். பகல் குறுகிவிட்டது என்று நினைத்தும் அதன் உடம்பு உறைதூக்கத்துக்குத் தயாராகும். அந்த நாட்களில் காலை முதல் மாலை வரை ஒரு லைட்டைப் போட்டுவையுங்கள்.

கரண்ட் போனால்

மேற்குச் சரிவில் வைகாசியிலிருந்து புரட்டாதி வரையும், ஊவாப் பக்கம் கார்த்திகையிலிருந்து தை வரையும் மழைக்காற்றில் மரம் விழுந்து கம்பி அறுவது நமக்குப் புதிதல்ல. 2022இல் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட ஓர் இரவுக்கு உங்களிடம் வழி இருக்க வேண்டும்.

வைஃபை பெட்டிக்குப் போடும் சின்ன யுபிஎஸ் இதற்கு உதவாது. 100 வாட் குமிழை 8 மணிநேரம் எரிக்க 800 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி கார் பற்றறியில் கணக்குக்கு இருப்பதே 720, அதிலும் பாதியளவுதான் பற்றறியைக் கெடுக்காமல் எடுக்கலாம். எளிய வழி வெந்நீர். மழைக்காலத்தில் ஒவ்வொரு மாலையும் பிளாஸ்க்கில் கொதிநீர் நிரப்பிவையுங்கள். கரண்ட் போனதும் ரப்பர் வெந்நீர்ப் பையில் ஊற்றித் துவாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, கூட்டின் ஒரு பக்கத்தில் வையுங்கள். பிராணி சூடு வேண்டுமானால் நெருங்கவும், வேண்டாமானால் விலகவும் இடம் இருக்கட்டும். கூட்டைக் கம்பளியால் மூடி, காற்றுத் துளையை மட்டும் திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். நீண்ட இரவென்றால் மூடியில் துளைபோட்ட ரெஜிபோம் பெட்டியில் பிளீஸ் பையோடு அதை வைத்துப் பக்கத்தில் வெந்நீர்ப் போத்தல் வைப்பது இன்னும் நன்றாகச் சூட்டைக் காக்கும்.

மண்சரிவு எச்சரிக்கை வந்து வீட்டைவிட்டு இறங்க வேண்டிய பகுதியில் இருப்பவர்கள் அந்தப் பெட்டியை எப்போதும் தயாராக வைத்திருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவிப்பு வந்து கிராம சேவகர் இறங்கச் சொன்னால் கூட்டைச் சுமக்க நேரம் இருக்காது. பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் இறங்கும்போது கையில் பிடிக்கக்கூடிய ஒரு சின்னப் பெட்டியே போதும்.

உறைதூக்கம் வந்துவிட்டால்

வயிற்றைத் தொட்டால் சில்லென்று இருக்கும். நடந்தால் தள்ளாடும். சுருளாமல் தொய்ந்து கிடக்கும், அல்லது சுருண்டது விரியாது. இரவில் எழும்பாது, தீனி அப்படியே இருக்கும். இதைக் கண்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பிராணியை மெல்லிய துணியில் சுற்றி உங்கள் உடுப்புக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள், மேலே கம்பளியைப் போர்த்துங்கள். மனித உடம்புச் சூடுதான் இதற்கு மிகப் பாதுகாப்பானது. மெதுவாகத்தான் சூடேற வேண்டும். வெந்நீரில் முக்குவது, அடுப்பருகே வைப்பது, ஹெயார் டிரையரால் ஊதுவது எல்லாம் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். குளிர்ந்திருக்கும் பிராணியின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும். பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள் அசையத் தொடங்கும். எழும்பிவிட்டாலும் அடுத்த நாளே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஒருமுறை இப்படி ஆன பிராணி அடுத்துவரும் நாட்களில் மறுபடி அப்படிப் போக வாய்ப்பு அதிகம். சூட்டை ஒரு பாகை கூட்டி வைத்து இரவில் கவனியுங்கள்.

தெரிவு செய்வதும் மலைக்குக் கொண்டுவருவதும்

குட்டி என்றால் ஆறு கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எட்டுக் கிழமையில் எடுப்பது நல்லது. மாலையில் போய்ப் பாருங்கள், பகலில் போனால் தூங்கும் பிராணியைத்தான் பார்ப்பீர்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், மூக்கில் சளி ஒழுகக் கூடாது. முள்ளுக்கிடையே செதில் செதிலாக உரிந்து, கொத்தாக முள் உதிர்ந்திருந்தால் உண்ணிப்பூச்சி இருக்கும். நாலு காலையும் ஊன்றி நேராக நடக்கிறதா என்று கட்டாயம் நடக்கவிட்டுப் பாருங்கள். சீறுவதும் சுருளுவதும் குற்றமில்லை, புதியவரைக் கண்டால் செய்யும்.

கொழும்பிலிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றால் காலையிலேயே புறப்பட்டு வெயில் இறங்குமுன் வீடு சேருங்கள். கீழே 30 பாகை இருக்கும், கினிகத்தேனையோ ரம்பொடையோ தாண்டும்போது குளிர் ஏறத் தொடங்கும். கீழ்நாட்டில் வியர்க்காமலும் மேலே விறைக்காமலும் இருக்க, வெந்நீர்ப் போத்தலைக் கையோடு கொண்டுபோய் மலை ஏறும் இடத்தில் பெட்டிக்குள் வையுங்கள். வளைவு வளைவான பாதையில் அதற்கும் குமட்டும். புறப்படும் முன் வயிறு நிறையத் தீனி வேண்டாம். முதல் இரண்டு நாள் மலம் பச்சையாகப் போகலாம், பயணக் கலக்கம்தான். அதற்கு மேலும் தொடர்ந்தால் வைத்தியரைப் பாருங்கள்.

பழக்குவது

முதல் சில நாள் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய பனியன் ஒன்றை அதன் படுக்கையில் வையுங்கள், உங்கள் வாசனை பழகட்டும். பிறகு மாலைதோறும் அரை மணிநேரம் மடியில் வைத்திருங்கள். எடுக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்து வயிற்றோடு ஏந்துங்கள். மேலிருந்து பிடிக்க வந்தால் பருந்து வந்ததாகப் பயப்படும். கையுறை போட்டுப் பழக்கினால் கையுறைக்குத்தான் பழகும். வாசனைச் சவர்க்காரம் போட்ட கையை நக்கிக் கடித்துப் பார்க்கும், ஆகவே தொடுமுன் வெறும் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

புதிய வாசனை எதையாவது கண்டால் அதை மென்று, வாயில் நுரை தள்ளி, கழுத்தை முறுக்கி அந்த நுரையைத் தன் முதுகு முள்ளில் பூசிக்கொள்ளும். முதன்முறை பார்ப்பவர்கள் வலிப்பு, விசர் நோய் என்று பயந்துவிடுகிறார்கள். அது அதன் இயல்பு, பார்க்கப் பார்க்க அதிசயமாக இருக்கும். குட்டிப்பருவத்தில் பழைய முள் விழுந்து புதிய முள் முளைக்கும்போது மட்டும் சில கிழமை எரிச்சலோடு இருக்கும். அப்போது வற்புறுத்தித் தூக்காதீர்கள். தீபாவளி வெடியும் கோயில் ஒலிபெருக்கியும் அதற்கு ஆகாது; திருவிழா நாட்களில் கூட்டை மூடி உள் அறையில் வையுங்கள்.

தீனி

இது பூச்சி தின்னும் பிராணி. அடிப்படைத் தீனியாகப் புரதம் 30 முதல் 35 சதவீதமும் கொழுப்பு 15 சதவீதத்துக்குள்ளும் இருக்கும் நல்ல பூனைத் தீனியை வைக்கலாம், பைக்கு வெளியே எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். சின்ன உருண்டையாக இருக்கட்டும். நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி, மாலையில் வையுங்கள். கிழமையில் சில நாள் பூச்சி கொடுக்க வேண்டும். மாவுப்புழு, வெட்டுக்கிளி, கறுப்புப் படைவீரன் ஈயின் புழு நல்லவை. மாவுப்புழுவில் கொழுப்பு அதிகம், ஒரு தடவைக்கு மூன்று நாலு போதும்.

தேயிலை மலையிலோ லீக்ஸ், கரட் பாத்தியிலோ பிடித்த பூச்சியைக் கொடுக்காதீர்கள். நேற்று மருந்தடித்தார்களா, போன கிழமை அடித்தார்களா என்பது பூச்சிக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. நத்தையும் வேண்டாம், நுரையீரல் புழு அதன் வழியாக வரும். மாவுப்புழுவை வீட்டிலேயே வளர்ப்பது கடினமில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டில் கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு ஒரு துண்டு மருந்தடிக்காத கரட். குளிரில் புழு வளராது, தட்டை முள்ளெலிப் பெட்டியின் வெதுவெதுப்பான ஓரத்தில் வைத்தால் பெருகும்.

உப்பில்லாமல் அவித்த கோழி, முட்டை, பூசணித் துண்டு இடையிடையே கொடுக்கலாம். பால் கொடுக்கவே கூடாது. செரிக்காமல் வயிறு கழியும். வெங்காயம், பூண்டு, முந்திரிகைப் பழம் (திராட்சை), சொக்லேட், பட்டர் பழம், கச்சான், பச்சை இறைச்சி எதுவும் ஆகாது. நம் தட்டிலிருந்து சோறு கறி, ரொட்டி, சம்பல் எடுத்துப் போடும் பழக்கத்தை வீட்டுப் பெரியவர்களிடம் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள்.

சமையல் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, வெப்பநிலை குறித்த அதே கொப்பியில் எழுதுங்கள். 400 கிராம் பிராணி ஒரு கிழமையில் 40 கிராம் குறைந்தால் ஏதோ நோய் என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியுமுன் தராசு சொல்லிவிடும்.

சுத்தம்

ஓடிக்கொண்டே மலம் கழிக்கும், ஆகவே சக்கரத்தைத் தினமும் காலையில் கழுவ வேண்டும். விரிப்பை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நெடியடிக்கும் கிருமிநாசினி வேண்டாம், வாசனையில்லாத சவர்க்காரமும் வெந்நீரும் போதும். பிராணியைக் குளிப்பாட்டுவது எப்போதாவதுதான். நல்ல வெயில் உள்ள நண்பகலில், அறை சூடாக இருக்கும்போது, பாதம் நனையும் அளவு இளஞ்சூட்டு நீரில் விட்டு மென்மையான பிரஷால் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து உடனே கூட்டில் விடுங்கள். நகத்தை இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை நுனியில் மட்டும் வெட்டுங்கள்.

முள்ளெலியின் மலத்தில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், பிராணி நலமாகத் தெரிந்தாலும் இருக்கலாம். அமெரிக்காவில் 2019இல் முள்ளெலி வளர்த்தவர்களிடையே அது பரவி, சிலர் மருத்துவமனை வரை போனார்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், முத்தமிடாதீர்கள், கூட்டுச் சாமான்களைச் சமையலறையில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள் உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

வைத்தியம்

நம் பிரதேச அரச மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் மாடும் நாயும் பார்த்துப் பழகியவர்கள். பிராணி வருமுன்பே போய், "டொக்டர், முள்ளெலி பார்ப்பீங்களா?" என்று கேட்டு வையுங்கள். இலங்கையின் ஒரே மிருக வைத்தியப் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலை மலையகத்துக்குப் பக்கத்தில் இருப்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. உண்ணிக்கு நாய் மருந்தை நீங்களே பூசாதீர்கள், மருந்தளவில் ஒரு சின்னப் பிழை கூட இந்தச் சிறிய உடம்புக்கு அதிகம்.

மூன்று வயதுக்கு மேல் கட்டிகள் வருவது இந்த இனத்தில் சாதாரணம். பல்லும் ஈறும் கெடும். பின்னங்காலில் தொடங்கிப் படிப்படியாக உடம்பு முழுக்கத் தள்ளாட்டம் பரவும் ஒரு நரம்பு நோயும் உண்டு. அதற்கு இதுவரை மருந்தில்லை. தள்ளாட்டத்தைக் கண்டதும் அதுதான் என்று முடிவுகட்டிவிடாமல் முதலில் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊரில் அது பலமுறை வெறும் குளிராகவே இருக்கும், சூடேற்றினால் சரியாகும்.

ஊருக்குப் போகும்போதும், வைத்திருக்க முடியாமல் போனாலும்

தைப்பொங்கலுக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் தீனி வைக்க மட்டும் ஆள் ஏற்பாடு செய்தால் போதாது. தெர்மோஸ்டாட் எண்ணைப் படிக்கவும் வெந்நீர்ப் பை வைக்கவும் தெரிந்தவர் இரவில் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். போகுமுன் ஒரு நாள் அவரையே எல்லாம் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வேலை மாறி, வீடு மாறி, இனி வளர்க்க முடியாது என்று ஆனால் அதைக் காட்டோரத்திலோ தேயிலை மலையிலோ விட்டுவிடாதீர்கள். ஓரிரு இரவில் குளிரில் செத்துவிடும். சூடான பகுதியில் விட்டு அது பிழைத்துப் பெருகினாலும் நம் நாட்டுப் பூச்சிகளுக்கும் தரையில் முட்டையிடும் பறவைகளுக்கும் கேடு. கூடு, சூடாக்கி, எடை எழுதிய கொப்பி எல்லாவற்றையும் சேர்த்து, வீட்டைச் சூடாக வைத்திருக்கக்கூடிய ஒருவரைத் தேடி ஒப்படையுங்கள். அவர் கண்டியிலோ அதற்குக் கீழேயோ இருப்பவராக இருந்தால் மிகவும் நல்லது.